பட்டையின் நடு ஊசி

ஸ்டார் அக்காவுக்குக் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. நேராக உள்ளே வந்து கையிலிருந்த தாள்கட்டை அவன் மேசையில் போட்டார்.

"தம்பி, மூணாம் தேற்றம் படுத்துடுச்சு."

அவன் அவர் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் நடத்தும் செயலி இயற்கணிதம் என்னும் கணிதப் பிரிவில் பாதி எழுத்துக்களின் தலையில் நட்சத்திரக் குறி உட்கார்ந்திருக்கும். அதைக் கரும்பலகையில் பூப்போல வரைவதால் துறையில் அவருக்கு அந்தப் பெயர். பக்கத்து அறைக்காரர், அவனைவிடக் கொஞ்சம் மூத்தவர். தாள்கட்டு, அவனும் அவன் மனைவியும் சேர்ந்து எழுதிய கட்டுரை. இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. பிழை பார்த்த கடைசிப் பிரதி மறுநாள் போகவேண்டும். அவள் வண்டி விபத்தில் போய் ஐந்து மாதமாகிறது. இனி அவள் பெயரில் வரவிருப்பது இது ஒன்றுதான்.

எதிர் மேசைமேல் மச்சினன் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய தம்பி, எலக்ட்ரீஷியன். மேசையும் அவளுடையது, துறை கொடுத்தது ஆடுகிறது என்று சொந்தமாக வாங்கிப் போட்டிருந்தாள். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். மேசையை எடுத்துப்போக மச்சினன் வேனோடு வந்திருந்தான்.

"படுத்துடுச்சுன்னா? அக்கா பேரு வராதா? அம்மா ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்காங்க."

"வாபஸ் வாங்குறதுதான் மரியாதை" என்றார் ஸ்டார் அக்கா. "தப்போட அவ பேரை அச்சுல ஏத்த உனக்கு மனசு வருமா?"

"மாமா, வாயைத் திறங்களேன்."

அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். 'இந்தச் சார்பு தொடர்ச்சியானது என்பது தெளிவு.' யார் எழுதியது? ஒரே கணினியில் மாறி மாறித் தட்டினார்கள். ஒருவர் வாக்கியத்தை ஒருவர் முடித்தார்கள். தெளிவு என்பது அவள் சொல்லா, தன் சொல்லா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மச்சினன் இறங்கி வந்து தலைப்பை எட்டிப் பார்த்தான். "நேர்மாறு அரைக்குலம். அரைக்குலம்னா யாரு பொண்ணு குடுப்பாங்க?"

ஸ்டார் அக்கா சிரித்துவிட்டார். அவன் சிரிக்காமல் விளக்கினான்.

"கணக்குல குலம்னா குரூப். அதுல எதைச் செஞ்சாலும் திருப்பிச் செஞ்சா முழுசும் பழையபடி ஆயிடும். இந்த அரைக்குலத்துல ஆகாது. எந்தத் துண்டுல கை வெச்சமோ அது மட்டும் திரும்பும். மிச்சம் வராது."

"மேசையைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டாந்தா மேசை வரும். அக்கா வர மாட்டா."

"ஆமா."

மச்சினன் மேசைக்கு மேலிருந்த பலகையைக் காலி செய்ய ஆரம்பித்தான். ஒரு கை நீளத்தில் சைக்கிள் டியூப் பட்டை ஒன்று அங்கே குத்தியிருந்தது. "இந்தக் குப்பையும் வேணுமா?"

"இரு. பிடுங்காதே."

அவன் எழுந்து போய்ப் பட்டையின் வலது முனையைக் கழற்றிப் பிடித்தான். இடது முனையிலும் நடுவிலும் ஊசி இருந்தது.

"இப்ப பாரு. சும்மா விடறது ஒரு செயல். வலது முனையை இழுக்கறது இன்னொரு செயல். ஊசிக்கு இடது பக்கம் ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?"

"அங்க ஒண்ணும் அசையலையே. ரெண்டும் ஒண்ணுதான்."

"நடு ஊசியில?"

"அதுவும் அசையல. ஒண்ணுதான்."

"இல்ல. ஊசியை ஒட்டி வலது பக்கம் மயிரிழை தள்ளினாலே இழுபடுது. ஒரு இடத்துல ஒண்ணுன்னு சொல்லணும்னா அதோட ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அதனால, இந்தச் செயல்களைப் புள்ளிகளா வரையற குரூப்பாய்டுங்கற படத்துல இந்த ஒரே ஊசிக்கு ரெண்டு புள்ளி. விட்ட புள்ளி ஒண்ணு, இழுத்த புள்ளி ஒண்ணு. இப்ப இடது பக்கத்துலேந்து நகர்ந்து நகர்ந்து வர்றே. எதுல வந்து சேருவே?"

மச்சினன் பட்டையையே பார்த்தான். "தலை சுத்துது மாமா."

"ரெண்டுலயும்" என்றார் ஸ்டார் அக்கா. "ரெண்டையும் பிரிச்சு நடுவுல வேலி போட முடியாது. நீங்க வேலி இருக்குன்னு வெச்சுக்கிட்டு நிரூபிச்சிருக்கீங்க. அதான் தப்பு. ஊசி வரைக்கும் மதிப்பு ஒண்ணுன்னு வர்ற சார்பு, ஊசியில பொத்துன்னு பூஜ்யத்துல விழுது."

அவன் பட்டையை விடவில்லை. அந்தக் காலைவரை எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. அவள் வண்டிச் சாவியைத் தேடினாள். இவன் எடுத்துக் கொடுத்தான்.

"இந்தப் பட்டையை அவ சும்மா குத்தி வெக்கல அக்கா" என்றான் மெதுவாக. "கட்டுரையோட அஞ்சாம் பகுதிக்குக் குத்தினது. கடைசி உதாரணம். நான் அலங்காரம்னு நினைச்சேன்."

ஸ்டார் அக்கா தாள்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். திரும்ப மூன்றாம் தேற்றத்துக்கு வந்தார்.

"அடப்பாவிகளா. உங்க கட்டுரையே உங்க கட்டுரையை உதைக்குது. இதை ஒருத்தரும் பார்க்கலையா?"

"உதாரணம் அவளோடது. அது சரி. அது நிக்கும். தேற்றம்தான் சுருங்கணும். வேலி போட முடியற இடத்துல மட்டும்னு நிபந்தனை போடறேன். நிபந்தனை ஏன் வேணும்னு அவ பகுதி சொல்லும்."

"பாதி போயிடும்."

"போகட்டும்."

ஸ்டார் அக்கா யோசித்தார். "இதழ் ஆசிரியருக்கு உண்மையைச் சொல்லி ஒரு வாரம் கேளு. மறுபடி பரிசோதிக்கணும்னா நான் உட்காருறேன்."

"அப்ப பேரு வரும்?" என்றான் மச்சினன்.

"வரும்."

அவன் பேனாவை எடுத்து 'தெளிவு' என்பதை அடித்தான். பிறகு கேட்டான். "தப்புன்னு தெரிஞ்சா உங்க அக்கா சும்மா இருப்பாளா?"

"அவளா? பக்கத்து வீட்டுல காலண்டர் கிழிக்கலைன்னாலே கதவைத் தட்டிச் சொல்லுவா."

"அப்ப அவளுக்குத் தெரியல."

"உங்க விஷயத்துல சொல்ல முடியாது மாமா. குத்தம் சொன்னா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்களாம். போன்ல சொல்லிச் சிரிப்பா."

தெரிந்துதான் அந்த உதாரணத்தைக் கடைசியில் வைத்தாளா? தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாளா? ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

ஸ்டார் அக்கா போனபின் இருவரும் மேசையைத் தூக்கினார்கள். நேராகப் பிடித்தால் கதவு நிலையில் இடித்தது. சாய்த்தால் கால் மாட்டியது.

"எப்படி உள்ள கொண்டாந்தீங்க? அதே மாதிரி திருப்பினா வந்துடுமே."

அவளும் அவனும்தான் தூக்கி வந்தார்கள். அவள் முன்னால் பிடித்தாள், அல்லது பின்னால். காலைக் கழற்றினார்களா? அவனுக்கு நினைவில்லை.

ஒருவழியாக முக்கால் மேசை தாழ்வாரத்துக்குப் போனது. அவன் நிலைக்கும் மேசைக்கும் நடுவில் அகப்பட்டு நின்றான்.

"மாமா, நீங்க உள்ள நிக்கறீங்களா, வெளிய நிக்கறீங்களா?"

"தெரியல" என்றான். "நீ இழு."