கருப்பட்டி போட்ட மண்

1

இந்தக் கதை கனவில் வந்தது, மனதுக்குள் ஊறி வந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். என் மச்சினன் தளவாய் ஒரு பைத்தியக்காரக் கோட்டித்தனம் செய்தான். பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அடங்கவில்லை. கோயில் கொடைத் திருவிழா மலரில் இரண்டு பக்கம் காலியாகக் கிடக்கிறது, எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று வேறு கேட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் கதை கேட்கிறார்கள் என்றால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. இருக்கட்டும்.

முதல் வரி:

துறைமுகத்துக்குப் பின்னால் சூரியன் ஒரு முத்தைப் போல

வேண்டாம். முத்தை நான் நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. இன்னொன்று:

மண் நமக்குத் தாய்

கதையில் மண்ணைத் தின்கிற ஆள் ஒருத்தர் வருகிறார். அதனால் இதுவும் சரிப்படாது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஏரல் பக்கத்துச் சிவனாண்டி தன் மகள் சரண்யாதேவிக்கு மாப்பிள்ளை தேடினார். தளவாயின் மகன் மகாராஜன் அமைந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் அப்போதே தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். சிவனாண்டி, நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பார்ப்பது என்றால் கண்ணால் இல்லை. ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைப்பார். கரித்தால் பெண் கிடையாது.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு இப்படி ஒரு திமிர். அவர்கள் ஊர் வண்டலில் குடைக்கம்பை ஊன்றினாலும் துளிர்க்கும். (அந்த வண்டலை இவர்களா செய்தார்கள்? ஆறு கொண்டுவந்து போட்டது.)

தளவாயின் நிலம் மாப்பிள்ளையூரணியில், உப்பளத்தை ஒட்டிக் கிடக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கரிசல். கோடையில் காலையில் போய்ப் பார்த்தால் பவுடர் அப்பின முகம் மாதிரி வெள்ளை பூத்திருக்கும். உவர். கம்பு விதைத்தால் முழங்கால் உயரத்தில் வெட்கப்பட்டு நின்றுவிடும்.

[இந்த இடத்தில் மண் வகைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தேரிக்காட்டுச் செம்மணல் காற்றடித்தால் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடும், கரிசல் மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், இப்படி. என் மனைவி பிச்சம்மாள் படித்துவிட்டு, "கத சொல்லுதீரா, பாடம் நடத்துதீரா?" என்றாள். எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.]

3

தளவாய் தொழுவுரம் போட்டானா? குளத்து வண்டலை அள்ளிக் கரம்பை அடித்தானா? இல்லை. உடன்குடிச் சுக்குக் கருப்பட்டி இரண்டு வட்டை இடித்து, நிலத்தின் நடுவில் ஓரிடத்தில் மண்ணோடு பிசைந்துவைத்தான்.

"அத்தான், உப்புக்கு மேல இனிப்பப் போட்டா ரெண்டும் சரியாப் போயிரும்லா?"

"ஏலே, ஒனக்குப் பொண்ணு குடுத்த மாமனாரு மண்ணு தின்னாம விட்டாரே, அது ஒன் அதிர்ஷ்டம்."

(இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானாக உண்டாக்கிய ஆளாக இருந்தால் கொஞ்சம் மூளை வைத்திருப்பேன். இவன் பிச்சம்மாளோடு பிறந்தவன். என்னால் ஒன்றும் செய்ய முடியாது.)

மறுநாள் சிவனாண்டி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இங்கன எடுங்க சம்பந்தி, இங்கன" என்று தளவாய் கையைக் காட்டினான். காட்டவே வேண்டியதில்லை. மாப்பிள்ளையூரணி எறும்பெல்லாம் சாரைசாரையாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தன.

சிவனாண்டி எறும்பை ஊதிவிட்டு ஒரு சிட்டிகை போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு சிட்டிகை போட்டார்.

"இனிக்கி."

"நம்ம மண்ணு வாகு அப்படி, சம்பந்தி."

"சுக்கு வாசமும் அடிக்கி."

மகாராஜன் தலையில் கையை வைத்துக்கொண்டான். சரண்யாதேவி தள்ளிப் போய், எறும்பில்லாத இடத்தில் தானே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தாள். துப்பினாள். சிவனாண்டி இனிப்பு மண்ணில் ஒரு பிடியைத் துண்டில் முடிந்துகொண்டு, "சொல்லி அனுப்புதேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

4

நடந்தது இதுவரைதான். மலருக்கோ நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

தளவாய் ஒரு முடிவு வைத்திருந்தான்: சிவனாண்டி மனம் குளிர்ந்து சம்மதித்தார். "அச்சுல வந்துட்டா அவரு எப்பிடி மாத்திப் பேசுவாரு, அத்தான்?"

நான் எழுதியது வேறு: சிவனாண்டி காறித் துப்பிவிட்டு

இதற்குள் பிச்சம்மாள் வந்துவிட்டாள். "எந் தம்பி மவன் கல்யாணத்தக் கெடுத்துப்புட்டு ஒமக்கு இந்த வீட்டுல சோறு வேற வேணுமோ?" என்றாள். எழுதின வரியை அடித்துவிட்டேன். பசி.

அப்புறம் சிவனாண்டியே போன் போட்டார்.

"அண்ணாச்சி, எழுதுதீங்களாமே. கதையில நான் என்ன சொல்லுதேன்?"

"நீரு இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்களே எழுதிருங்க. எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியல. கருப்பட்டின்னு தெரியாமலா இருக்கேன்? மருமவ வேணும்னு இம்புட்டு மெனக்கெட்டவன் நல்லா வச்சுக்கிடுவாம்னு ஒரு மனசு சொல்லுது. மண்ணுலயே பொய் சொன்னவன்னு இன்னொரு மனசு சொல்லுது."

பார்த்தீர்களா? மகள் கல்யாணத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறார். நாளைக்கு ஒன்று என்றால், எழுதினவன் அவன்தான் என்பார். போனை வைத்துவிட்டேன்.

5

மறுபடியும் அதே நம்பர். எடுத்தால் சரண்யாதேவி.

"மாமா, அப்பா குளிக்கப் போயிருக்காவ. ஒண்ணு கேக்கணும்."

"நான் இன்னும் முடிவு எழுதல தாயி."

"கதைய விடுங்க. அந்த நெலம் எந்தப் பக்கம் சரிவு? மழத்தண்ணியத் தேக்கி உப்பக் கரைச்சு வடிக்கணும்னா வாய்க்கால எந்தப் பக்கம் வெட்டணும்?"

"கெழக்க."

"சரி மாமா."

வைத்துவிட்டாள்.

மாமா என்று யாரையும் கூப்பிடலாம், போலீஸைக்கூடக் கூப்பிடுகிறார்கள். ஆனால் வேண்டாமென்ற வீட்டு நிலத்துக்கு ஒரு பெண் வாய்க்கால் வெட்டத் திசை கேட்பாளா? கேட்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்ப முடியாது. நான் எழுதமாட்டேன். முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நீங்கள் எப்படி முடித்தாலும் சிவனாண்டி அப்படியே செய்துவிடுவார்.