சேர்ந்து சுழன்றால் போச்சு

என் வீட்டுக்காரர் மைக்கல்ராஜ் கைவைக்காத இயந்திரம் மலேசியாவில் எங்கள் லாபு வட்டாரத்தில் கிடையாது. புல் வெட்டும் மிஷினிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி வரை எல்லாவற்றுக்கும் தோட்டத்து வர்க்‌ஷாப்பில் அவர்தான் வைத்தியர். தன் வாய்க்குள் இருக்கும் ஒரே ஒரு ஸ்குரூவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குத் துப்பில்லை. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் இறுகிப்போன ஒரு நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவி அவர் மேல் முன்பல்லில் அடித்தது. பல் வேரோடு போயிற்று. சிரம்பானில் ஒரு கிளினிக்கில் தாடை எலும்புக்குள் டைட்டேனியம் ஸ்குரூ ஒன்றை இறக்கினார்கள். எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு அதன்மேல் பல்லைப் பூட்டினார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது பல் அல்ல, விசில். வேலை முடிந்து வந்து மோட்டர் சைக்கிளை வாசலில் நிறுத்தியதும் பல்லிடுக்கில் ஒரு விசில் அடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுத்தான் நான் அடுப்பிலிருந்து சோற்றை இறக்குவேன். பல் போனதும் விசிலும் போனது. சிரித்தால்கூட கையால் வாயைப் பொத்திக்கொண்டார். புதுப்பல் வந்த அன்று வாசலில் விசில் கேட்டதும் கரண்டியும் கையுமாக ஓடிவந்து அழுதேன். வெட்கமே படவில்லை.

அப்படிக் கிடைத்த பல். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் தலையணை உறையில் ரத்தம்.

"என்னாங்க இது?"

"ஈறுல கொஞ்சம் கசியுது. வலியே இல்ல லா, பெட்." அவருக்கு நான் பெட்.

"வாயைத் திறங்க."

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா!"

முனகிக்கொண்டே திறந்தார். அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து உப்பியிருந்தது. விரலால் லேசாக அழுத்தினேன். மஞ்சளாகச் சீழ் வந்தது. துடைத்த பிறகும் விரல் நாறியது.

"பல்லு விளக்குறீங்களா இல்லியா?"

"மத்த இடமெல்லாம் விளக்குறேன். அங்க தொட்டா ரத்தம் வருது. புண்ணு ஆறட்டும்னு விட்டுட்டேன்."

இன்னும் சரியாகப் பார்க்க டார்ச் லைட் தேடி அவர் சாமான் பெட்டியைத் திறந்தேன். டார்ச் லைட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தன, கிளினிக்கில் கொடுத்த குட்டி பிரஷ்கள். பாட்டில் கழுவும் பிரஷை ஊசியளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் விட்டு எடுக்கக் கொடுத்தது. எல்லாம் எண்ணெய்க் கறுப்பாக இருந்தன.

"மோட்டரு கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஜெட்டு ஓட்டைக்கு அளவெடுத்துச் செஞ்சமாதிரி இருந்திச்சு," என்றார் மெதுவாக.

நான் கத்தவில்லை. ஒரு பிரஷை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "மோட்டர எடுங்க," என்றேன். நான் கத்தாவிட்டால்தான் அவருக்குப் பயம் வரும். வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பல்லை வைத்த அதே டாக்டர் ரோகினிதான் அன்றும் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஸ்குரூவைச் சுற்றி எலும்பு பள்ளமாக இறங்கியிருந்தது.

"அங்கிள், சொந்தப் பல்லுன்னா உள்ள நரம்பு இருக்கும், கெட்டா வலிக்கும். இதுக்குள்ள நரம்பே இல்ல. சுத்தி அழுக்கு சேந்து எலும்பு கரைஞ்சாக்கூட பெரும்பாலும் வலிக்காது. ரத்தம் மட்டும்தான் வரும். குட்டி பிரஷ் போடுறீங்களா?"

"தினமும் போடுறேன் டாக்டர்."

நான் கைப்பையைத் திறந்து அந்தக் கறுப்புப் பிரஷை டாக்டரின் தட்டில் வைத்தேன். டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"மோட்டருக்குப் போட்டிருக்காரு," என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். "பல்லச் சுத்தி என்னமோ காஞ்சு ஒட்டியிருக்கே. என்ன இது?"

அவர் நாற்காலிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினார்.

"என்னாங்க, கேக்குறாங்கல்ல?"

"சூப்பர் குளூ," என்றார் எனக்கே கேட்காத குரலில். "பல்லு லேசா ஆடிச்சு. வர்க்‌ஷாப்புல ரெண்டு லாரி படுத்துக்கெடந்திச்சு, லீவு கேக்க முடியல. ஒரு சொட்டுதான் விட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவரை நாலு வாங்கு வாங்கியிருப்பேன். டாக்டரின் முகம் என்னைத் தடுத்தது.

"பல்லக் கழட்டினாத்தான் அடியில சுத்தம் பண்ண முடியும். பல்லப் பிடிச்சிருக்கிற சின்ன ஸ்குரூவைத் திருகணும். அதுலயும் குளூ இறங்கியிருக்கு. திருகும்போது அது மட்டும் கழண்டா நல்லது. எலும்புக்குள்ள இருக்கிற பெரிய ஸ்குரூவும் சேர்ந்து சுத்திச்சின்னா, எலும்பு அதை விட்டிடிச்சின்னு அர்த்தம். எடுத்துட வேண்டியதுதான்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது. இறுகின நட்டைத் திருகும்போது சில சமயம் நட்டு கழலாமல் போல்ட்டே உள்ளே சுழன்றுவிடும், அப்புறம் அந்த ஓட்டை எதற்கும் ஆகாது என்று சாப்பிடும்போது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் காதில் வாங்கியதில்லை. இப்போது அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஊசி போட்டு மரத்துப்போனதும் டாக்டர் ஒரு குட்டித் திருகியை உள்ளே விட்டார். என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் திருகில் ஒன்றும் அசையவில்லை. டாக்டர் திருகியை எடுத்து, குளூவைச் சுரண்டி, மறுபடி விட்டார். அப்போதும் அசையவில்லை. அறையில் எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் மட்டும்தான். என் விரல்கள் நொறுங்கிவிடும்போல இருந்தது. மாதாவே, அந்த விசிலை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்று வேண்டினேன்.

மூன்றாவது திருகில் 'டக்' என்றது.

"சுத்திடிச்சா?" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் குனிந்து, கண்ணாடியால் பார்த்து, உள்ளே எதையோ மெல்லத் தட்டினார். படுத்திருந்த என் வீட்டுக்காரரின் கண்ணோரம் நீர் இறங்கி காதுப்பக்கம் ஓடியது.

"பல்லு மட்டும்தான் வந்திருக்கு ஆண்டி. பெரிய ஸ்குரூ அசையல."

அவர் கையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சுத்தம் செய்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பல்லை உடனே பூட்டவில்லை. ஸ்குரூவை மூடி, ஈறு ஆறட்டும் என்றார் டாக்டர்.

"கரைஞ்ச எலும்பு போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தினமும் நீங்க சுத்தம் பண்றதுலதான் இருக்கு. ரத்தம் வந்தா பயந்து விட்டுடாதீங்க, அங்கதான் மெதுவா விளக்கணும். இந்தப் பிரஷ்ல கம்பி மேல பிளாஸ்டிக் பூசியிருக்கு, ஸ்குரூவைக் கீறாது. சாப்பிட்டதும் போடுங்க, வேலைக்கும் எடுத்திட்டுப் போங்க."

புதுப் பிரஷ் பாக்கெட் ஒன்றை டாக்டரே அவர் சட்டைப் பையில் வைத்தார்.

வீட்டில் முதல் தடவை விளக்கியபோது கழுவுத்தொட்டியெல்லாம் சிவந்தது. அவர் கை நின்றது. "பெட், ரத்தம்," என்றார். "வரட்டும், விளக்குங்க," என்றேன். அவர் விளக்கினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவர் வரவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மோட்டர் சத்தம் கேட்கவேயில்லை. செம்பனைக்குள் இருட்டத் தொடங்கியது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. செருப்பை மாட்டும்போது வாசலில் 'ஃபூ' என்று ஒரு சத்தம். பல் இல்லாத இடைவெளியில் வெறும் காற்று.

வெளியே வந்தேன். வேர்த்து விறுவிறுத்து மோட்டரைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"ஜெட்டு அடைச்சிக்கிச்சு. பாதி வழியில நின்னுபோச்சு, தள்ளிக்கிட்டே வந்தேன்."

அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். குட்டி பிரஷ்கள் பாக்கெட்டுக்குள் வெள்ளையாக இருந்தன.

"பையிலதான் பிரஷ் இருக்கே?"

"அது பல்லுக்கு லா," என்றார், நான் ஏதோ விவரம் இல்லாமல் கேட்டுவிட்டதுபோல.

நான் உள்ளே போய்ச் சோற்றை இறக்கினேன்.