முதல் வரியைச் சொல்கிறவள்

1

என் தொண்டையில் கெண்டை மீன் முள் மாட்டிக்கொண்டதால் கிடைத்த கதை இது. வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கி, முள்ளை இன்னும் ஆழத்தில் இறக்கிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். பேச முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, பக்கத்து நாற்காலிகளில் நடந்ததெல்லாம் காதில் விழுந்தது.

ஓர் இளம்பெண். அருகில் அவள் கணவன்.

"என்ட்ட மறைச்ச மாதிரி டாக்டர்ட்டயும் மறைச்சிராத, என்ன?" என்றான்.

அவள் அவன் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினாள். அவன் சிரித்துவிட்டான்.

[என்ன எழுதினாள் என்று என் வாசகிகள் கேட்பார்கள். எனக்குத் தெரியாது.]

2

அவளுக்கு முத்துச்செல்வி என்று பெயர் வைக்கிறேன். அவன் அருள்பாண்டி. இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம். சேரப்பணஞ்சேரியில் ஒற்றை அறை வாடகைக்கு.

"முத்துச்செல்வியின் குயில் போன்ற குரல்..."

இல்லை. இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் அது. ஒரகடத்தில் அவள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில், லைன் ஓடத் தொடங்கும் முன் அறுபது பேர் வலது கையை நீட்டி நிற்பார்கள். ஒருவர் பாதுகாப்பு உறுதிமொழியை வரிவரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாகச் சொல்கிறவள் முத்துச்செல்வி. அவளுக்கு முன் சொன்ன மூவருக்கும் வேலை நிரந்தரமானது. கம்பெனி எங்கும் அப்படி எழுதி வைக்கவில்லை; ஆனால் லைனில் எல்லோரும் நம்பினார்கள். நிரந்தரமாகிறவர்களின் அடுத்த பட்டியல் இந்த மாதக் கடைசியில்.

ஏழு வாரங்களுக்கு முன் குரல் கம்மியது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். அதிமதுரம் மென்றாள். சூப்பர்வைசர் நரசிம்மன் கேட்டார்:

"இன்னாம்மா, தொண்டைல மண்ண கொட்டிக்கினியா? கடைசில நிக்கிறவனுக்கு ஒண்ணியும் கேக்கல. நாளைலேர்ந்து சத்யப்பிரியாவ சொல்ல சொல்லட்டா?"

"வேண்டாம் சார். சளிதான்."

மறுநாள் இன்னும் பலமாகக் கத்தினாள்.

இனி அவள் செய்த பிழை. அவளுக்கு முதல் ஷிப்ட், அவனுக்கு இரண்டாவது. அவள் வீடு திரும்பும்போது அவன் கம்பெனி பஸ்ஸில் இருப்பான். அவன் திரும்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள்; ஞாயிறுகளிலும் அவனுக்கு ஓவர்டைம். அவர்களுடைய குடும்பம் பாதி நடந்ததே போனில் அனுப்பிக்கொள்ளும் குரல் பதிவுகளில்தான். காலை உறுதிமொழிக்குக் குரலைச் சேமிக்க நினைத்து, முத்துச்செல்வி அதை நிறுத்தினாள். எழுத்தில் மட்டும் அனுப்பினாள்: "சாம்பார் இருக்கு." "சாப்பிடுங்க."

அவனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. "ஏ செல்வி, ரெண்டு வாரமா கை வலிக்க எழுதிக்கிட்டுக் கெடக்க. நான் என்ன செஞ்சேன்னு திட்டியாவது ஒரு வார்த்த அனுப்பு. ஒன் சத்தத்தக் கேட்டு எத்தன நாளாச்சி!"

பஸ்ஸில் அதை நான்கு முறை கேட்டாள். பதிலுக்கு வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அதையே அனுப்பினாள்; அந்த ஞாயிறு அவன் லீவு போட்டு அவளை மருத்துவரிடம் கூட்டி வந்தான்.

(என் பதினோரு நாவல்களிலும் கதாநாயகிக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. அடுத்த பத்தியில் சரியாகிவிடும். அந்தத் தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.)

3

டாக்டர் ஷாரோன் பார்த்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினார்.

"கையில காய்ப்பு காய்க்குது இல்ல, அது மாதிரி குரல் நாண்ல. ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னும் கூடாது, அது இன்னும் கெடுதல். அப்புறம் மறுபடி பார்ப்பேன். இந்தப் பக்கம் குறையலன்னா, கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

"டெஸ்டுன்னா..." என்றான் அருள்பாண்டி.

"பயப்படாதீங்க. ஆனா ஏழு வாரம் விட்டிருக்கக் கூடாது."

முத்துச்செல்வி போனில் எழுதி நீட்டினாள்: "காலைல ரெண்டு நிமிஷம் மட்டும் கத்தலாமா?"

டாக்டர் அதைப் படித்துவிட்டு அருள்பாண்டியைப் பார்த்தார்.

"வேல போனாப் போவுது செல்வி," என்றான் அவன். "நீ திட்டி நான் கேக்கணும்ட்டி."

4

எனக்குப் பழக்கமான முடிவு ஒன்று: அருள்பாண்டியின் போனில் அவளுடைய பழைய பதிவு இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் உறுதிமொழியைச் சொல்லிப் பழகி, "சரியா இருக்குதாங்க?" என்று கேட்ட பதிவு. திங்கட்கிழமை அது அறுபது பேர் முன்னால் ஒலிக்கிறது. எல்லோர் கண்ணிலும்...

நடக்காது. போன்களைக் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அழகாக எழுதி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.

இன்னொன்று: சத்யப்பிரியா இடத்தைப் பறித்துக்கொள்கிறாள். அவளை வில்லியாக்க இரண்டு பக்கம் முயன்றேன். அவளும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள். போன வாரம் முத்துச்செல்விக்குப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, "குடிக்கா, ரொம்ப கமறுது உனுக்கு" என்றவளும் அவள்தான்.

மூன்றாவது முடிவில் பட்டியலில் பெயர் வருகிறது, குரல் வரவில்லை. அதை எழுத எனக்கு மனம் இல்லை.

5

எனவே, திங்கட்கிழமை காலை. டாக்டரின் சீட்டு மடித்தபடி சட்டைப் பையில் இருக்கிறது. அதை நீட்டினால் இடம் போகும். முத்துச்செல்வி முன்னால் வந்து நிற்கிறாள். கைகள் நீள்கின்றன. நரசிம்மன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் கை ஒருமுறை பையைத் தொட்டுவிட்டு, மற்றவர்களுடையதைப் போல நீள்கிறது. மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள்.

இங்கே பேனாவை வைக்கிறேன். உறுதிமொழியின் முதல் வரி, "என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு."

வாசிக்கிற உங்களுக்கு இப்போது அந்த வரி தெரியும். எதிரே நிற்கிற ஐம்பத்தொன்பது பேருக்கும் எட்டு மாதமாகத் தெரியும். யாராவது ஒருவர் முந்திச் சொல்லிவிடுங்கள், அவள் வாயைத் திறப்பதற்குள்.