ஜாஸ்மின் வீட்டுக்காரர் பிடித்த மீன்

கல்யாணமான புதிதில் ராமனுக்கும் கங்காவுக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில், தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் இருந்தான். வாராவாரம் ஷிஃப்ட் மாறும். அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பூட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றாள். அவன் வீடு திரும்பும்போது அவளைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்கும். அவள் வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அந்த ஒற்றை ஞாயிறையும் ராமன் ஏரிக்கரைக்குக் கொடுத்துவிட்டால் அவளுக்கு மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

ராமனோ தூண்டில் பைத்தியம். பாரிமுனைக்குப் போய் ராடும் ரீலும் பார்த்துப் பார்த்து வாங்குவான். மற்றவர்கள் மண்புழுவைக் கோர்த்துத் தக்கையையே பார்த்துக்கொண்டு ஜிலேபிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் உட்கார்ந்திருக்கையில், அவன் முள் பொருத்திய ரப்பர் தவளையை வீசி விராலைத்தான் தேடுவான். விரால் விட்டுக்கொடுக்காத மீன் என்பான். பிடித்தால் அதைப் பிடிக்க வேண்டும் என்பான்.

அதனால் கங்காவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். முதல் இரண்டு மூன்று தடவை அவள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றாள். அப்புறம் ஒருநாள் எழுந்து வந்தாள்.

“நீ மீனப் பாத்துகினு கீற. நான் உன்னப் பாத்துகினு கீறேன். எனக்கும் ஒன்னு குடுய்யா.”

அவன் சிரித்துக்கொண்டே பழைய ராடு ஒன்றைக் கொடுத்தான். விரலில் தூண்டில் நரம்பைப் பிடிப்பது, வீசும்போது எந்த இடத்தில் விடுவது, அல்லி இலைக்கு அந்தப் பக்கம் தவளையைப் போட்டு இலை மேலே நடக்கவிட்டு இடைவெளி வந்ததும் நிறுத்துவது, எல்லாம் பின்னால் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. அவளுடைய தலையில் வைத்திருந்த கனகாம்பரம் அவன் மூக்கில் உரசியது. கரையில் ஆடு மேய்த்தவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

“வெரால் அட்சா ஒடனே சுண்டக் கூடாது. வாயில வாங்கினு அது கீழ திரும்பணும். அப்பத்தான் இழுக்கணும்” என்றான்.

சொன்னானே ஒழிய அவனுக்கு அது வராது. தண்ணீர் ‘ப்ளக்’கென்று வெடித்ததும் அவன் கை தானாகச் சுண்டிவிடும். பாதி மீன் அப்படித்தான் போகும். கங்காவுக்குச் சொன்னதும் வந்தது. விரால் அடித்தால் அவள் ஒரு மூச்சு விடுவாள். பிறகுதான் ராடு வளையும். செல்போன் லைனில் நாளெல்லாம் பொடிப்பொடி ஸ்குரூவை எடுத்து வைக்கிற கை அது. அவசரம் அதற்குத் தெரியாது.

அந்த ஒரு வருஷம் இரண்டு பேருக்கும் நன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புளிச்சோறு கட்டுவாள், அவன் ரீலுக்கு எண்ணெய் போடுவான். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கும் வல்லக்கோட்டைப் பக்கத்து ஏரிகளுக்கும் மாறிமாறிப் போனார்கள். மீன் சிக்காத நாளில் பேச்சாவது கிடைத்தது. அவளுக்கு அதிகம் விழுந்தால் ராமன் கரையில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவான். “என் வூட்டுக்காரி புட்சது” என்பான். அப்படிச் சொன்னவனும் அவன்தான் என்பதைப் பின்னால் அவனே நம்ப முடியாமல் நினைத்துப்பார்த்திருக்கிறான்.

வினை ஒரு போட்டோவில் வந்தது. ராமனுடன் வேலை செய்யும் டில்லிபாபுவும் சிவசங்கரும் தாங்களும் வருகிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துகொண்டார்கள். அன்று மூன்று ஆண்களுக்கும் ஒன்றும் சிக்கவில்லை. கங்காவுக்கு முழங்கை நீளத்தில் ஒரு விரால் விழுந்தது. அவள் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பின்னால் ராமன் தொடை வரை நனைந்து மீனை அள்ளுகிற கைவலையோடு நிற்க, டில்லிபாபு படம் எடுத்தான். சாயந்திரமே அது ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. கீழே ‘அண்ணி அடிச்சாங்க, அண்ணன் அள்ளினாரு’ என்று எழுதியிருந்தான்.

மறுநாள் கேன்டீனில் தட்டோடு போனபோது யாரோ, “வலைக்காரரே, தள்ளி நில்லுப்பா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராமனும் சிரித்தான். அதற்கு மறுநாளும் சிரித்தான். சூப்பர்வைசர் ஒருநாள் லைனில் ஏதோ பாகத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, “நீதான் அள்ளுறதுல ஸ்பெஷலிஸ்டாமே” என்றதும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவனும் விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் கங்கா அந்தப் போட்டோவைப் போனில் முகப்பாக வைத்திருந்தாள். “நீ பின்னாடி வலைய புட்சிகினு நிக்கிற பாரு, எவ்ளோ அழகா கீற” என்று காட்டினாள். அவன் லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த மாதம் நால்வரும் மறுபடி வல்லக்கோட்டை தாண்டி ஒரு ஏரிக்குப் போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கங்காவின் தவளை கோரைப்புல் ஓரத்தில் நின்ற இடத்தில் தண்ணீர் உப்பி உடைந்தது. அவள் பொறுத்தாள். சுண்டினாள். ராடு வளைந்த வளைவிலேயே தெரிந்துவிட்டது, இதுவரை பார்த்த மீன் இல்லை இது. ரீல் கரகரவென்று நரம்பை விட்டது. சிவசங்கர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். டில்லிபாபு போனை எடுத்தான்.

“அண்ணி, வுடாதீங்க அண்ணி! டேய் வலைக்காரா, எறங்குடா!”

ராமன் வலையோடு இறங்கினான். கங்கா மீனைக் களைக்கவிட்டு மெல்ல மெல்லக் கரைக்கு நடத்திக்கொண்டு வந்தாள். கறுத்த முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்திருந்தால் போதும். மீனை அவளே வலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துவாள், இவன் தூக்க வேண்டியதுதான். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் கரையில் போன் தயாராக நிற்பதைப் பார்த்தான். நாளைக் காலை கேன்டீனில் எழப்போகிற சிரிப்பையும் பார்த்தான். வலையை மேலே இருந்து மீனின் முகத்துக்கு நேராகக் குத்தினான். விராலின் வாயோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த தூண்டில் முள் வலைக் கண்ணியில் மாட்டியது. மீன் ஒரே உதறு. தவளை வலையில் தொங்கியது, மீன் போய்விட்டது.

முதலில் பேசினது ராமன்தான்.

“நரம்ப லூஸ் வுட்டுட்டா நான் இன்னா பண்றது? பொம்பள கையில ராடு குட்த்தா இப்பிடித்தான்.”

டில்லிபாபு சிரித்தான். சிவசங்கர் சிரித்த மாதிரி ஏதோ செய்தான். கங்கா தண்ணீரில் இறங்கி வந்தாள். அவன் கையில் இருந்த வலையைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்ததும் அவனுக்குத் தெரிந்தது. அவள் குனிந்து கண்ணியிலிருந்து முள்ளைப் பொறுமையாக விடுவித்தாள்.

“ஆமா, வுட்டுட்டேன்” என்றாள் மற்றவர்களுக்குக் கேட்கும்படி.

சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் அவள் ராடைத் துடைத்தாள், ரீலைக் கழற்றி உலர்த்தி எண்ணெய் போட்டாள், உறையில் போட்டு ஸ்டூல் மேல் ஏறி லாஃப்டில் வைத்தாள். அடுத்த ஞாயிறு அவன் கிளம்பியபோது, “நீ போய்ட்டு வாய்யா. எனக்குத் துணி கெடக்குது” என்றாள். முகத்தில் கோபம் இல்லை. புளிச்சோறு மட்டும் ஒருவருக்குத்தான் கட்டியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கரைக்கு வரவில்லை.

ராமன் எத்தனையோ விதமாக முயன்றான். தீபாவளி போனஸில் அவளுக்கென்று சின்னதாக, கைக்கு அடக்கமாக ஒரு ரீல் வாங்கி வந்தான். அவள் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். “வெண்ணெ மாரி சுத்துது” என்றாள். பிறகு பெட்டியை மூடி அவனிடமே கொடுத்தாள். “நீ வச்சிக்க. உனக்குத்தான் யூஸாவும்.” ஒரு முறை பைக்கில் போகும்போது, “அன்னிக்கு அந்த மீனு...” என்று தொடங்கினான். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. “இன்னா?” என்றாள் அவள் பின்னாலிருந்து. அவன், “ஒன்னும் இல்ல” என்றான். லாரி போனபிறகு ரோடு வெறுமையாகத்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

கேன்டீனில் வலைக்காரர் பேச்சு எப்போதோ நின்றுபோனது. டில்லிபாபு வேறு கம்பெனிக்கு மாறினான். யாருக்காக அதைச் செய்தானோ அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த மீன் நினைவில் இல்லை.

பிறகு கங்காவின் கம்பெனியில் வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறும் போயிற்று. புதன்கிழமைகளில் அவள் பக்கத்து லைனில் வேலை செய்யும் ஜாஸ்மின் வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்வாள். ஜாஸ்மினை ராமனுக்கும் தெரியும். இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, கேக் கொடுத்துவிட்டு, ஓயாமல் பேசிவிட்டுப் போனவள். அவள் கணவன் தாவீது கால் டாக்ஸி ஓட்டுகிறவன். நல்லதுதான், கங்காவுக்கும் ஒரு துணை வேண்டும் என்று ராமன் நினைத்துக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை, தகடு வரவில்லை என்று பிரஸ் ஷாப்பை நிறுத்தி மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். ராமன் மெயின் ரோடு நெரிசலுக்குப் பயந்து ஏரிக்கரை மண்பாதையில் வண்டியை விட்டான். மதகுக்குக் கொஞ்சம் முன்னால் ஜாஸ்மினின் நீல ஸ்கூட்டி நின்றது. சீமைக்கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம். வண்டியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

கங்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கையில் அவன் பார்த்தேயிராத பச்சை நிற ராடு. ஜாஸ்மின் கரையில் பிளாஸ்டிக் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கங்கா வீசினாள். தவளை நெடுந்தூரம் போய் ஓசையில்லாமல் இலைமேல் உட்கார்ந்தது. அவ்வளவு தூரம் அவன் வீசியதில்லை. நடக்கவிட்டாள், நிறுத்தினாள், தண்ணீர் வெடித்தது. ராமனின் கை காற்றில் சுண்டியது. அவள் இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

விராலைக் கரைக்குக் கொண்டுவந்ததும், “தாழ்த்திப் புடி, தாழ்த்திப் புடி, மேல வராத” என்று கங்கா சொல்வது தெளிவாகக் கேட்டது. ஜாஸ்மின் கூச்சல் போட்டுக்கொண்டே கூடையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். மீன் கூடைக்குள் ஏறி உட்கார்ந்தது. இருவரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். கங்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

இறங்கிப் போய், “அட, சூப்பரு!” என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. புதரை விலக்கி ஒரு காலைக்கூட வைத்தான். தன்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று நினைத்ததும் கால் பின்வாங்கியது. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனான்.

சாயந்திரம் அவன் டீக்கடையில் நேரத்தைப் போக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாங்காய் போட்டிருந்தாள். அவன் கைகழுவி உட்கார்ந்தான்.

“ஏது மீனு?”

“ஜாஸ்மின் வூட்டுக்காரரு புட்சாராம். நம்மளுக்கும் ரெண்டு துண்டு குட்த்தா.”

கண் சிமிட்டாமல் சொன்னாள். பல தடவை சொல்லிப் பழகிய வாய். போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் ஜாஸ்மின் வீட்டிலிருந்து வந்த மீனை எல்லாம் தான் ருசித்துத் தின்றது அவனுக்கு நினைவு வந்தது. தன்னிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. இதை மறைத்தாள். பயத்தால் இல்லை. அவனுக்கு வலிக்கும் என்று மறைத்தாள்.

தலைத்துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

“பெரிய மீனு போலக் கீதே” என்றான்.

“ஆமா! மூணு கிலோவுக்கு மேல. அல்லி எலைக்கு அந்தாண்ட...” குரல் துள்ளி எழுந்தது. உடனே அதை அடக்கினாள். “அப்பிடின்னு அவ சொன்னா. எனக்கு இன்னா தெரியும்.”

ராமன் சோற்றைப் பிசைந்தான். தண்ணீர் குடித்தான். தான் பார்த்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பச்சை ராடும் இந்த வீட்டு லாஃப்டுக்குத்தான் போய்ச் சேரும். அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

“புட்சவங்களுக்கு நல்ல கை. எவ்ளோ பொறுத்து இழுத்திருந்தா இவ்ளோ பெருசு வந்திருக்கும். நமக்கு அது வராது. நான் சொன்னேன்னு சொல்லு.”

கங்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவன் என்ன தெரிந்து சொல்கிறான் என்று முகத்தைத் தேடினாள். அவன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

“சொல்றேன்” என்றாள். இன்னொரு துண்டைப் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் சிவசங்கர் போன் பண்ணினான். மண்பாதை ஓரத்து மதகு ஏரியில் பெரிய பெரிய விராலாகக் கிடக்கிறதாம், யாரோ பெண்கள்கூட வந்து பிடிக்கிறார்களாம், போகலாமா என்று கேட்டான்.

“யாரு சொன்னா? தண்ணியே இல்ல, வெறும் சேறு. ஒரு ஜிலேபிகூட இல்லடா” என்றான் ராமன். “நாம மறைமலை நகர் பக்கம் போலாம், வா.”

வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த கங்கா நிமிர்ந்து பார்த்தாள். அவன் ராடை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து மாட்டினாள்.

“நீயும் வர்றியா?” என்றான். கேட்டிருக்கவே கூடாது என்று கேட்டபிறகு தோன்றியது.

“இல்லய்யா. ஷிஃப்டுக்கு நேரமாச்சு” என்றாள் அவள், அன்பாகவே. “நீ பாத்துப் போய்ட்டு வா.”