நொச்சிக்குளத்துக்கு ஒரு படகு

நொச்சிக்குளம் கண்மாயில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று நாலு வருஷம் ஆகிறது. அந்தக் கண்மாய்க்குப் படகு வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பாண்டிமீனாவால் மட்டும் சிரிக்க முடியாது. கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசி போகிற வழியில் இடது பக்கம் பிரிந்து போனால் இந்த ஊர் வரும். பாண்டிமீனா இங்கே கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவி. பேர்தான் பெரிய பேர். தண்ணீர் இல்லாத கண்மாயின் சங்கத் தலைவிக்கு என்ன வேலை இருக்கும்? வருகிற அதிகாரிகளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். மற்ற நேரமெல்லாம் தன் கரிசல் காட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். கிணறு வற்றிப் போய், போன வருஷம் போட்ட பருத்தி பூ வைக்கும்போதே கருகிவிட்டது.

அவள் காட்டை ஒட்டி ராஜபாண்டியனின் பட்டாசுக் கம்பெனிச் சுவர். "இடம் எனக்குத் தோதாத்தான் இருக்கு, குடுக்கிற மாதிரி இருந்தா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்று அவர் அவள் வீட்டுக்காரன் மாரிசாமியின் காதில் போட்டு வைத்திருந்தார். மாரிசாமிக்கு அன்றிலிருந்து தூக்கத்திலும் அதே நினைப்பு. பாண்டிமீனா அழுது, சண்டை போட்டு, இரண்டு வேளை சோறு தின்னாமல் கிடந்து, ஒரே ஒரு தவணை வாங்கியிருந்தாள். வருகிற ஐப்பசியில் கண்மாய் பெருகினால் நிலம் அவளுக்கு. பெருகாவிட்டால் ராஜபாண்டியனுக்கு.

மழை பெய்யாமல் இல்லை. பெய்கிற மழையை வாங்கி வைக்கக் கண்மாய்க்கு வயிறு இல்லை. உள்ளே ஆளுயரத்துக்கு மண் மேவிக் கிடக்க, அதன்மேல் சீமைக்கருவேலம் காடாய் நின்றது. அந்த வருஷம் ஒன்றியத்தில் நொச்சிக்குளம் கண்மாய்க்கு மட்டும் பணம் ஒதுக்கி, அரசாங்கம் ஒரு நிபந்தனையும் போட்டது. கண்மாயைப் புழங்குகிற அத்தனை பேரும் கூடி உட்கார்ந்து ஒரே திட்டமாகக் கொடுக்க வேண்டுமாம். சேர்ந்து உட்காரச் சொல்வது லேசு. முதல் கூட்டத்தில் விவசாயிகள் கருவேலத்தை வேரோடு பிடுங்கணும் என்றார்கள். ஆடு மேய்க்கிற பஞ்சம்மாள், "மொதல்ல என்னைப் பிடுங்கிப் போட்டுட்டு மரத்துக்குப் போங்க" என்று மண்வெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜபாண்டியன், லோடு வந்திருக்கிறது என்று போனைக் காதில் வைத்தபடி எழுந்து போனார். இரண்டாவது கூட்டமும் இதே கதைதான், வந்தவர்கள் மட்டும் குறைவு.

மூன்றாவது கூட்டத்துக்குத்தான் ஹரிபிரசாத் வந்தான். தொண்டு நிறுவனம் ஒன்று சென்னையிலிருந்து அனுப்பிய பையன். சிரித்த முகம், தோளில் பை, பை நிறைய வண்ண வண்ணக் காகிதத் துண்டுகள். சமுதாயக் கூடத்தில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தான். "யாரும் யார்கூடவும் வாதாட வேண்டாம். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு காகிதம். கண்மாயில உங்களுக்கு என்ன வேணுமோ அதை மனசு விட்டு எழுதுங்க. எழுத வராதவங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றான். பாவம், எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தச் சீமை ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. மாட்டுச் சந்தைக்குப் போனால் தனக்குப் பிடித்த மாட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதற்கு அடுத்து நிற்கிற மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள், வாலைத் தூக்குவார்கள், சுழியில் குறை சொல்வார்கள். கடைசியில் போகிற போக்கில், 'இது என்ன விலை?' என்று பிடித்த மாட்டைக் காட்டுவார்கள். ஆசையை வெளியே காட்டினால் விலை ஏறிவிடும் என்பது தாய்ப்பாலோடு குடித்த பாடம். பட்டாசு ஆர்டர் பேசினாலும், பெண் பார்க்கப் போனாலும் இதேதான். இவர்களிடம் போய் மனசு விட்டு எழுதச் சொன்னால்?

விவசாயிகள் சார்பில் பாண்டிமீனா பச்சைக் காகிதத்தை வாங்கினாள். தண்ணீர் வேண்டும் என்று எழுதப் பேனாவை வைத்தவள், எதிரே ராஜபாண்டியனைப் பார்த்தாள். 'எங்க கிணத்துல ஊத்து இருக்கு அண்ணாச்சி' என்று இவ்வளவு நாளும் அவரிடம் அளந்துகொண்டிருந்தாள். தண்ணீர் என்று எழுதினால் குட்டு உடைந்துபோகும், நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பார். 'கரையில் விளக்கு வேண்டும்' என்று எழுதி மடித்தாள். ராஜபாண்டியன் மஞ்சள் காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். பஞ்சம்மாள் நெடுநேரம் யோசித்து, ஹரிபிரசாத்தின் காதில் ஒரு வார்த்தை சொன்னாள்.

காகிதங்களைச் சுவரில் ஒட்டி அவன் படித்தான். விவசாயிகள், கரையில் விளக்கு. கம்பெனிகள், பறவைகளுக்குக் குடிநீர்த் தொட்டி. ஆடு வளர்ப்போர், ஒரு படகு.

இன்றைக்கு அவர்கள் கேட்பதற்குத் தலையாட்டி வைத்தால் நாளைக்கு நாம் கேட்பதற்குத் தலையாட்டுவார்கள் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டார்கள். ஹரிபிரசாத் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அத்தனை கையும் மேலே போயின. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு ஒத்துமையான ஊரை நான் பார்த்ததே இல்ல" என்று கும்பிட்டான். அவன் சொன்னது பொய்யில்லை, அப்படி ஒரு ஊரை யாருமே பார்த்திருக்க முடியாது.

மத்தியானம் ராஜபாண்டியன் செலவில் எல்லாருக்கும் எண்ணெய்ப் புரோட்டா வந்தது. பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர் பிரீத்தி அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கினாள். முப்பது கண்மாய்களைக் கட்டி மேய்க்கிறவள், நின்றுகொண்டே காகிதங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் சம்மதமா? ஆச்சரியமா இருக்கே. மண் எடுக்கிற வேலை எதுவுமே கேக்கலை, எனக்கும் சுளுவு. சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துடறேன். இந்த வருஷப் பணம் இதுக்குத்தான். அப்புறம் மாத்த முடியாது, பார்த்துக்கங்க."

பாண்டிமீனா பிய்த்த புரோட்டாவை இலையிலேயே போட்டாள். வறண்ட கண்மாய், கரையெல்லாம் பளிச்சென்று விளக்கு, நடுவில் கருவேலங்காட்டில் ஒரு படகு, படகின் மேல் பஞ்சம்மாளின் ஆடு என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஐப்பசியும் வந்தது, பத்திரம் எழுதப் போகும் மாரிசாமியும் வந்தான். சொன்னால் ராஜபாண்டியனுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நிலம் போய்விடும். இலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மேடம், எனக்கு விளக்கு வேணாம்" என்றாள். "நான் பொய் எழுதிட்டேன். எனக்குத் தண்ணிதான் வேணும். அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்கங்க. எங்க கிணத்துல ஊத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாளி போட்டா தவளைதான் வருது. இந்தக் கண்மாய் பெருகலைன்னா ஐப்பசி முடிஞ்சதும் நிலத்தை உங்களுக்குத்தான் எழுதணும். நீங்க என்ன குடுத்தாலும் வாங்கணும். அம்புட்டுத்தான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் தன் குடும்பத்தை இறக்கிக் காட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஹரிபிரசாத் வாயில் வைத்த புரோட்டாவை மெல்லாமல் நின்றான்.

முதலில் அசைந்தது பஞ்சம்மாள். "ஏத்தா மீனா, அளாத. எனக்கு மட்டும் படகு எதுக்கு? ஆட்டை ஏத்திட்டுப் போகவா? பெருசாக் கேட்டாத்தான கவர்மெண்டு சிறுசாக் குடுக்கும்னு கேட்டு வச்சேன். எனக்கு ஆடு திங்கக் கருவேலங்காய் நெத்து வேணும், வெயிலுக்கு ஒதுங்க நெளலு வேணும். மரம் அம்புட்டும் போயிட்டா நான் எங்கன போவேன்?"

"அப்ப வடக்கு ஓரத்துல ஒரு வரிசையை விட்டுட்டா போதுமா?" என்று கேட்டாள் பிரீத்தி.

"தாராளமாப் போதும். நான் என்ன காட்டையேவா கேட்டேன்?"

எல்லாக் கண்ணும் ராஜபாண்டியன் பக்கம் திரும்பின. அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு கைக்கு இவ்வளவு தண்ணீர் ஆகாது, அதுவும் அந்த ஊரில். திரும்பி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு மண்ணு வேணும்" என்றார்.

"மண்ணா?"

"சோதனைக்கு வந்தவுக, ஒரு ரூமு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவாம இருக்க ரூமுக்கு நடுவுல மண்மேடு போடச் சொல்லி, பாதி ரூமைப் பூட்டிட்டுப் போயிட்டாக. மேடு இல்லைன்னா ரூமுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டணும், அதுக்குத்தான் உன் நிலத்தைக் கேட்டேன் மீனா. கண்மாய் மண்ணைக் கேட்டா நீங்க விலை வைப்பீக, மேடம் சந்தேகப்படுவாக. அதான் பறவைக்குத் தொட்டின்னு எழுதினேன். என் கம்பெனிப் பக்கம் வெடிச் சத்தத்துக்கு ஒரு காக்கா வராது." துண்டை உதறித் தோளில் போட்டார். "மேடு நின்னுட்டா உன் நிலம் எனக்கு எதுக்கும்மா? சீசனுக்குள்ள பூட்டைத் தொறக்கலைன்னா நானே வித்துட்டுப் போகவேண்டியதுதான்."

பாண்டிமீனா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். இவ்வளவு நாளும் இந்த மனிதரை நினைத்தாலே நிலம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அவருக்கும் உள்ளே அதே பயம்தான் இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் நடந்தது கூட்டமில்லை, சந்தை. ஆனால் இந்தத் தடவை அவரவர் தனக்கு வேண்டிய மாட்டைக் கையால் தொட்டுக் காட்டிப் பேசினார்கள். மேலே கிடக்கிற கரம்பை மண் விவசாயிகளின் வயலுக்கு உரமாக. அதற்கு அடியில் இருக்கிற சரளை மண், முறையாக அனுமதி வாங்கி, கம்பெனி மேட்டுக்கு. இரண்டையும் அள்ளிப் போடுகிற லாரி ராஜபாண்டியன் பொறுப்பு. அரசாங்கப் பணம் முழுக்க மதகுக்கும் கரைக்கும். பிரீத்தி ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுத எழுத, எல்லாரும் சுற்றி நின்று தப்புக் கண்டுபிடித்தார்கள்.

ஹரிபிரசாத் சுவரில் ஒட்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தான். "காலையிலயே இதை எழுதியிருக்கலாமே பாட்டி?" என்று பஞ்சம்மாளிடம் கேட்டான், குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"என்ன வேணும்னு கேட்டீக. யாரு மொதல்ல சொல்லணும்னு சொல்லலையே தம்பி" என்றாள் அவள்.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் வேலை நடந்தது. சண்டை இல்லாமல் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கு ஓரத்தின் வரிசை எங்கே முடிகிறது என்று பஞ்சம்மாளும் பாண்டிமீனாவும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். ராஜபாண்டியனின் லாரி பிள்ளையார் கோவில் மூலையை இடித்தது. ஆனாலும் புரட்டாசியில் கம்பெனிப் பூட்டு திறந்தது, கண்மாய்க்கு வயிறு வந்தது.

ஐப்பசி மழை தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. பாண்டிமீனா குடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். கருவேலங்காடு இருந்த இடத்தில் தண்ணீர் அலையடித்தது. அவளுக்கு முன்னாலேயே ராஜபாண்டியன் அங்கே நின்றார், வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு போட்டு, சொட்டச் சொட்ட நனைந்துபோய்.

"மதகைத் தாண்டி ஏறிட்டு, பாத்தியா!" என்று கத்தினார். தன் வீட்டு விசேஷம் மாதிரிச் சொன்னார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. கடைசி லோடு காயாமல் கம்பெனியில் கிடந்தது. விருதுநகரிலும் காரியாபட்டியிலும் கடை போட்டவர்கள், இப்படிப் பெய்தால் எவன் வெடி வாங்குவான் என்று காலையிலிருந்து அவரைப் போனில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இது பாண்டிமீனாவுக்குத் தெரியும். முன்பென்றால் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் உறைத்திருக்காது.

தண்ணீரைப் பார்த்தாள். நிலம் இனி எங்கேயும் போகாது. பிறகு பக்கத்தில் நனைந்து நிற்கிறவரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து மழையைப் போ என்று சொல்லி அறியாத வாயால் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ சாமி, போதும். தீபாவளி வரைக்கும் கொஞ்சம் வெறிச்சிரு."

"ஏய், வாயை மூடு!" என்று ராஜபாண்டியன் பதறிப்போய் அதட்டினார். "இன்னும் ஒரு முளம் ஏறணும்."