ஜானகி சிஸ்டரின் சாவிக்கொத்து

ஜானகியின் இடுப்பில் சாவிக்கொத்து ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நன்றாக வேலை செய்தால், நோயாளிகளிடமிருந்து அவளை விலக்கி ஸ்டோருக்குப் பொறுப்பாக்கிவிடுவார்கள். நாற்காலி, மின்விசிறி, கொஞ்சம் கூடுதல் சம்பளம். அவள் கணவர் துரைராஜ் பாண்டி பஜாரில் புதுச் செருப்பு வாங்கித் தந்தார். "இனிமே நீ ஓட வேணாம்."

உட்காரத்தான் அவளுக்குப் பழகவில்லை.

அன்று காலை சலவைக்காரர் வேம்பு இறக்கிய துணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் வார்டிலிருந்து சகினாவின் அலறல் கேட்டது. அடையாற்றங்கரைக் குடிசையில் ஸ்டவ் வெடித்துக் கை வெந்துபோனவள். வார்டில் இருந்தவரை, புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியை உப்புநீரில் ஊறவைத்து, அது தானாக விடும்வரை ஜானகி காத்திருப்பாள். இப்போது வார்டில் இருந்த நர்ஸுக்குக் கட்டில்கள் அதிகம்; காத்திருக்க நேரமில்லை.

ஆயா ஆரோக்கியமேரி வாசலில் வந்து நின்றாள். "இன்னா சிஸ்டர், துணி எண்ணிக்கினு குந்திக்கினு கீற? நீ வந்தாத்தான் கைய நீட்டுவேன்னு அந்தப் பொண்ணு அடம் புடிக்குது."

ஜானகி ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

கட்டு மாற்றிவிட்டுத் திரும்பியபோது, பூட்டிய கதவின்முன் மேட்ரன் தங்கபுஷ்பம் நின்றிருந்தார். ஆபரேஷனுக்குத் துணி இல்லாமல் நோயாளி மேசையில் காத்துக் கிடந்தார்.

"சாவியக் குடுத்துட்டாவது போயிருக்கலாம்லா?"

"தப்புதான் மேடம்." துணிகளை எடுத்துக் கொடுத்தனுப்பிய பின், ஜானகி சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஆனா அலறல் கேட்டா மறுபடியும் ஓடுவேன். என்னை வார்டுக்கே அனுப்பிடுங்க."

"கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? இந்த நாற்காலி மறுபடி கெடைக்காது."

"தெரியும் மேடம்."

மேட்ரன் சாவிக்கொத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். "நானும் இந்த ஸ்டோர்லதான் வந்து உக்காந்தேன். கடைசியா எப்பம் ஒரு கட்டுப் பிரிச்சேன்னு நெனப்பே இல்ல" என்றார். "போ. வீட்டுக்காரர் கேட்டா, மேட்ரன் எறக்கிட்டாள்னு சொல்லு."

மறுநாள் காலை சகினா ஜானகியின் இடுப்பைப் பார்த்தாள். "சாவி எங்கக்கா? புடுங்கிக்கினாங்களா?"

"நானே குடுத்துட்டேன்."

"அய்ய, பைத்தியமா நீ?"

"மேட்ரனும் அதைத்தான் கேட்டாங்க. கையை ஆட்டாம இரு."

ஜானகி கட்டின்மேல் உப்புநீரை ஊற்றிவிட்டு, அது ஊறும்வரை கட்டிலோரம் நின்றாள். புதுச் செருப்பு காலைக் கடித்தது.