ஒன்பது விதமாகப் போகலாம்

"எட்டே நிமிஷம்!" ஸ்பீக்கரில் டைரக்டர் நவநீதகிருஷ்ணன் கத்தினார். "ஹீரோ மைக் முன்னாடி நிக்கறார். 'நான் போகிறேன்'. இதுக்கு உங்க பாஷையில என்ன? சீக்கிரம்!"

திருச்செங்கோட்டில் தன் ஃப்ளெக்ஸ் கடையில் குமரகுரு நானூறு பக்க நோட்டைப் பேய் பிடித்தவன்போலப் புரட்டினான். சென்னை வெப் சீரிஸின் வேற்றுக்கிரகத்தாருக்கு மொழி செய்கிறவன் அவன். மூன்று வருஷ உழைப்பு. டைட்டிலில் அவன் பேருக்குத் தனி கார்டு என்று பேச்சு. வினைச்சொல்லுக்கு மட்டும் அறுபத்துநாலு வடிவம். நின்றுகொண்டு சாப்பிட்டால் ஒன்று, மாமியார் பார்க்கச் சாப்பிட்டால் இன்னொன்று. உலகமே தேடி வரும் என்று காத்திருந்தான். வந்ததென்னவோ காதுகுத்து பேனர்க்காரர்கள்தான்.

"'கெரானுமி' இருக்குதுங்களே சார்."

"அது 'போயிட்டு வர்றேன்'யா! சீன்ல ஹீரோதான் ராஜா, சாகப் போறார். எங்கேருந்து வருவார்?"

நோட்டில் 'நான் போகிறேன்' என்பதற்கு மட்டும் ஒன்பது வடிவம். ஒன்பதிலும் 'திரும்பி வருவேன்' என்கிற 'நுமி' ஒட்டிக்கொண்டிருந்தது. வாசல் தாண்டும்போது மொட்டையாகப் 'போறேன்' என்றால் வாயிலேயே போடுகிற ஊர். அந்த ஊர்ப் புத்தி, அதே சகுனத்தை வேற்றுக்கிரகத்துக்கும் பார்சல் கட்டி அனுப்பியிருந்தது.

"'ஸ்மூக்'னு வெச்சுக்கலாங்களா?"

"அது தும்மறதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க! இன்னும் ஆறு நிமிஷம். இல்லாட்டி தமிழ்லயே பேசிடுவார். உங்க கார்டும் கிடையாது!"

குமரகுரு கடை போனில் மனைவி சௌந்தர்யாவைக் கூப்பிட்டான். அவள் அம்மாபேட்டையில், அம்மா வீட்டில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் களுக்கென்று சிரித்தாள்.

"ஏனுங்க, இத்தனை செஞ்சீங்க, இது ஒண்ணு இல்லீங்களா?"

"நம்ம பக்கம் அப்படி யாரு புள்ள சொல்றாங்க?"

"ஒருத்தருமே உங்ககிட்ட சொன்னதில்லீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

"குமரகுரு! ரெண்டு நிமிஷம்!"

அவன் 'கெரானுமி' என்று எழுதி, 'நுமி'யை அடித்தான். மிச்சத்தை வாசித்தான். "கெரா."

ஹீரோ சொன்னார். ஸ்டுடியோவில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அட்டகாசம்! எங்கய்யா புடிச்சீங்க இதை?"

குமரகுரு நோட்டை மூடினான். சௌந்தர்யா தன் தங்கச்சியின் வளைகாப்புக்குப் போயிருப்பதாகத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பத்தொன்பது நாளைக்கு முன்னால் அவன் இந்த நோட்டில் தலையைக் கவிழ்த்திருந்தபோது, சூட்கேஸோடு படியிறங்கியவள் 'வாரேன்' என்று சொல்லவில்லை. "போறேனுங்க" என்றதோடு நிறுத்திவிட்டாள்.